அப்பாடக்கர் முதல் அபேஸ் வரை: சென்னைச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

வாசகர் கேள்வி, ஜூன் 3

"'நீ என்ன பெரிய அப்பாடக்கரா?' என்கிறோமே, அது தி.நகர் தக்கர் பாபா வித்யாலயாவின் தக்கர் பாபாதான் என்று வாட்சப்பில் வந்தது. ஊருக்கு உழைத்த பெரிய மனிதர், அதனால் அவர் பெயரைச் சொல்லி மற்றவர்களை மடக்க ஆரம்பித்தார்களாம். உண்மையா? ஓசி, லந்து, டுபாக்கூர் என்று எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை சுற்றுகிறது."

ஜூன் 3, இரவு

நான் நம்பவில்லை. கதையில் வரும் மனிதர் உண்மை. சொல்லோடு அவரை முடிச்சுப் போட்டதுதான் பொருந்தவில்லை. அம்ருத்லால் விட்டல்தாஸ் தக்கர் 1869இல் பாவ்நகரில் பிறந்தவர். பொறியாளர் வேலையை உதறிவிட்டு ஒடுக்கப்பட்டவர்களுக்காகவும் பழங்குடிகளுக்காகவும் உழைத்தார். 1932இல் ஹரிஜன சேவக சங்கம் தொடங்கியபோது அதன் பொதுச் செயலாளர். வெங்கடநாராயணா சாலையில் அவர் பெயரில் வித்யாலயா இருப்பதும் உண்மைதான். ஆனால் அவரை எல்லாரும் அழைத்தது தக்கர் பாபா என்று. பாபாவை அப்பாவாக்கி, பின்னால் இருந்ததை முன்னால் தூக்கிப் போட்டால்தான் அப்பாடக்கர் கிடைக்கும். பேச்சில் சொல் தேயும், நடுவில் எழுத்து விழும், ஓசை மழுங்கும். ஒரு பெயரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு நான் கேட்டதில்லை.

விடை பக்கத்திலேயே இருக்கிறது. 'டக்கரா கீது' என்று எங்கள் ராயபுரத்தில் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். இந்தியில் டக்கர் என்றால் மோதல். 'டக்கர் கா' என்றால் சரிக்குச் சரி நிற்கக்கூடியது. அப்புறம் நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு, 'அவன் எமகாதகன், இவன் அவனுக்கே அப்பன்' என்போம். டக்கருக்கும் அப்பன் அப்பாடக்கர். இது என் ஊகம். ஆனால் இதற்கு எந்தச் சொல்லையும் தலைகீழாக்க வேண்டியதில்லை.

ஜூன் 4, காலை

"அப்படியானால் கதை உள்ள சொல் எல்லாமே பொய்யா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எம்டன் இருக்கிறதே!

1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் வந்த வேகத்தில் இருட்டில் மறைந்துவிட்டது. பயந்துபோன ஜனம் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுக்கருகில் அந்தக் கப்பலின் கதை முடிந்தது. சென்னையில் மட்டும் அது முடியவில்லை. 'அவன் சரியான எம்டன்' என்றால் எப்போது வருவான், என்ன செய்வான் என்று சொல்ல முடியாதவன், கில்லாடி என்று பொருள் ஆகிவிட்டது. எமன் என்ற சொல் ஏற்கனவே நம் வாயில் இருந்ததால் எம்டன் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். குண்டு பட்ட இடத்தில் நினைவுக் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இங்கே பெயர் அப்படியே இருக்கிறது. தேதி இருக்கிறது. அன்றிரவு ஊரே அதைப் பார்த்தது. சொல்லைக் கொண்டுவந்தவனும் வாங்கிக்கொண்டவனும் எங்கே சந்தித்தார்கள்? எந்தக் கதையைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஜூன் 4, மாலை

அதே கேள்வியை லந்துக்குப் போட்டுப் பாருங்கள். மதுரையில் 'லந்து பண்ணாதே' என்பது ஹாலந்துக்காரர்களை, அதாவது டச்சுக்காரர்களைப் பற்றியது, ஹாலந்துக்கு நம் பக்கம் சொன்ன உலாந்தா தேய்ந்து லந்து ஆனது என்கிறார்கள். டச்சுக்காரர்கள் தமிழகக் கரையில் இருந்தது பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி. உலாந்தாக்காரன் அட்டகாசம்தான் காரணம் என்றால் அந்தச் சொல் நாகையிலும் பழவேற்காட்டிலும் அல்லவா முதலில் புழங்க வேண்டும்? கடலே இல்லாத மதுரையின் அடையாளமாக அது எப்படி ஆனது? இதற்குப் பதில் சொல்பவர் வந்தால் பேசுவோம்.

ஜூன் 6

நேற்று முழுக்க வந்த மடல்களில் பாதி, 'சென்னைத் தமிழ் என்பது கெட்டுப்போன தமிழ், அதற்கு எதற்கு ஆராய்ச்சி' என்ற ரகம். கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பேஜார் என்கிறோம். பாரசீகத்தில் பேஸார் என்றால் வெறுத்துப்போனவன், அலுத்துப்போனவன். உருது வழியாக வந்தது. பொருள் துளிகூட மாறவில்லை. கலீஜ்? அரபியில் கலீஸ் என்றால் தடித்தது, முரடானது. உருதுவில் அதுவே அழுக்கு. பேமானி? பே என்றால் இல்லாத, ஈமான் என்றால் நேர்மை, நம்பிக்கை. நேர்மை கெட்டவன். நாஸ்டா, உஷார், ஜல்தி, மஜா எல்லாம் இதே குடும்பம். ஆற்காடு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு குடிவந்தார். 1855 வரை நவாப் பட்டம் இருந்தது. அவரோடு வந்த படைவீரர், சமையல்காரர், குதிரைக்காரர், தையற்காரர் எல்லாரும் திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் தங்கினார்கள். அரண்மனை வாசலில் காய்கறி விற்றவள், குதிரைக்குப் புல் போட்டவன், கறி வாங்கப் போனவன் எல்லாரும் அவர்களோடு தினமும் பேசியாக வேண்டும். சந்தித்த இடம் அந்தத் தெருதான்.

சென்னை 1953 வரை தெலுங்கு மாவட்டங்களுக்கும் தலைநகர். நைனா தெலுங்கின் நாயனா.

சாவுகிராக்கி என்று திட்டுகிறார்களே, அதில் கிராக்கி என்பது வாடிக்கையாளர். இந்தியில் காஹக், வடமொழியில் கிராஹகன். ரிக்‌ஷா ஸ்டாண்டின் சொல் அது. ஏறும் ஆள் கிராக்கி, ஏற்றிப் போவது சவாரி, அன்றைய முதல் வரவு போணி. காலையிலிருந்து வெயிலில் நின்றவனிடம் வந்து தூரத்து இடத்தைச் சொல்லி, காலணாவுக்குப் பேரம் பேசி, கடைசியில் நடந்தே போகிறேன் என்று திரும்பிப் போகிறவன்தான் சாவுகிராக்கி. கை ரிக்‌ஷா 1970களின் தொடக்கத்தில் ஒழிந்தது. சொல் ஆட்டோவில் ஏறிக்கொண்டது.

இன்னொன்று. மாமூல் அரபியிலிருந்து வந்தது, வழக்கமானது என்று பொருள். நவாப் காலத்து, கம்பெனி காலத்து வருவாய்க் கணக்குகளில் 'மாமூல்படி' என்றால் 'எப்போதும் போல' என்றுதான் பொருள். எப்போதும் போலக் கொடுப்பது எதுவாக இருந்தது என்பதைச் சொல் தானாகவே காட்டிக் கொடுத்துவிட்டது. வசூல், பாக்கி, ஜாமீன், ஜப்தி, அசல், நகல் எல்லாம் அதே கச்சேரியிலிருந்து, அதாவது அரசு அலுவலகத்திலிருந்து, வந்தவைதான். வக்கீல் சொன்னால் மரியாதை, ரிக்‌ஷாக்காரர் சொன்னால் கெட்ட தமிழா? இரண்டும் ஒரே கப்பலில், ஒரே குதிரையில் வந்த சொற்கள்.

ஜூன் 7

இரவு தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் வந்த சொற்களைப் பற்றி மட்டும்தான் பேசினேன். வராத சொற்கள், இங்கேயே இருந்தவை, அவைதான் இன்னும் அதிகம் அவமானப்பட்டவை.

பள்ளியில் கட்டுரை எழுதினேன், 'தாத்தா திண்ணையில் குந்தினார்' என்று. ஆசிரியர் சிவப்பு மையில் குந்தினாரை அடித்து 'அமர்ந்தார்' என்று போட்டார். வகுப்பில் உரக்கப் படிக்கவும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். குந்துதல் நல்ல தமிழ் வினை. குத்துக்காலிட்டு உட்காருவதற்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது. தாத்தா அமரவில்லை, குந்தித்தான் இருந்தார்.

'அப்பால வரேன்' என்பதில் இருப்பது அப்பால். பாசுரத்திலும் தேவாரத்திலும் இருக்கிற சொல். 'வூட்டாண்ட' என்பதில் இருப்பது அண்டை. அண்டை வீடு என்று எழுதினால் சரி, வூட்டாண்ட என்று பேசினால் தப்பு. 'வலி' என்றால் இழு. துடுப்பு வலித்தல் என்று மீனவர்கள் இன்றும் சொல்கிறார்கள், மலையாளத்திலும் இழுப்பதற்கு வலிக்கதான். ராயபுரம், காசிமேடு பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

'இஸ்துகினு' தான் எல்லாரும் கேலி செய்வது. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இழுத்துக்கொண்டு. நடுவில் உள்ள உகரம் விழுந்தால் இழ்த்து. ழகரமும் தகரமும் ஒட்டி நிற்கும்போது நாக்கு மேலே வளைந்து உடனே பல்லுக்கு இறங்க வேண்டும். வேகமாகச் சொல்கிறவன் வளைப்பதை விட்டுவிடுகிறான், இஸ்து. இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. தனியாக நிற்கும் ழ வேறு வழியில் போகிறது: கிழவன் கெயவன், இழவு எயவு. ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து இரண்டு பாதை, இரண்டிலும் தவறாமல் போகிறது. இலக்கணம் என்பது வேறென்ன?

ஜூன் 7, மதியம்

கஸ்மாலம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வடமொழி கச்மலம், அழுக்கு, மனச்சோர்வு. பகவத் கீதையில் 2ஆம் அத்தியாயம் 2ஆம் சுலோகத்தில் கண்ணன் அர்ஜுனனைப் பார்த்து 'குதஸ்த்வா கச்மலம் இதம்' என்கிறான், 'இந்த நேரத்தில் இந்தச் சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது?' என்று. மீன் மார்க்கெட்டில் கேட்கும் அதே சொல்தான்.

ஜூன் 9

பன்னாடை. இதற்கு ஒரு தனிக் குறிப்பே எழுத வேண்டும், எனக்குப் பிடித்த சொல்.

தென்னை, பனை மட்டை மரத்தோடு ஒட்டும் இடத்தில் வலை மாதிரி, சாக்குத் துணி மாதிரி பழுப்பு நிறத்தில் ஒன்று பின்னியிருக்கும். நெய்ததல்ல, தானாக முளைத்தது. குறுக்கும் நெடுக்குமாக நார். அதுதான் பன்னாடை. கள் இறக்குகிறவர்கள் அதை வடிகட்டியாக வைத்துக்கொள்வார்கள். கள் கீழே இறங்கிவிடும். ஈ, எறும்பு, பாளைத் துணுக்கு எல்லாம் மேலே தங்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நார்களுக்கு நடுவே காய்ந்துபோன எறும்புகள் சிக்கியிருப்பது தெரியும்.

இப்போது நன்னூலுக்கு வாருங்கள். பவணந்தி முனிவர் மாணாக்கரை மூன்று வகையாகப் பிரிக்கிறார். கடை மாணாக்கருக்கு உவமை 'இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி'. இல்லிக்குடம் என்றால் ஓட்டைக் குடம். நெய்யரி என்றால் பன்னாடை என்று உரை சொல்கிறது. நல்லதைக் கீழே விட்டுவிட்டு கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிறவன். ஆக 'போடா பன்னாடை' என்பதற்குள் இருப்பது இலக்கண ஆசிரியரின் உவமையேதான். நன்னூலைப் படித்துவிட்டு யாரும் தெருவில் திட்டவில்லை. பவணந்தியாரும் தெருக்காரரும் ஒரே மரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஜூன் 10

பினாங்கிலிருந்து ஒரு வாசகர்: "எங்கள் மலாய் நண்பர்கள் பணத்தை டுயிட் என்கிறார்கள். நம் துட்டுக்கும் அதற்கும் உறவு உண்டா?"

இந்த இழையில் வந்த மிக நல்ல கேள்வி. டுயிட் டச்சுக்காரர்களின் செப்புக் காசு. எழுதுவது டுயிட், அவர்கள் சொல்வது ஏறக்குறைய டொய்ட். அவர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் காசை ஆசியா முழுக்கப் புழங்கவிட்டது. மலாயிலும் இந்தோனேசியாவிலும் அது பணத்துக்கே பெயராக நிலைத்துவிட்டது. நம் பக்கம் துட்டு, கன்னடத்தில் துட்டு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டியது 1613இல். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்களிடம் இருந்தது. துணி நெய்தவனுக்கும் சாயம் போட்டவனுக்கும் மூட்டை தூக்கியவனுக்கும் கையில் விழுந்தது இந்தக் காசு. துட்டு இன்றும் சின்னப் பணத்தின் ஓசையோடுதான் இருக்கிறது. 'கோடிக்கணக்கான துட்டு' என்று சொல்லும்போதுகூட கொடுத்தவன் வலிதான் அதில் கேட்கிறது.

லந்துக்கு நான் கேட்ட கேள்விக்கு துட்டு பதில் சொல்கிறது பாருங்கள். காசு கைமாறிய இடம் தெரிகிறது, அதே காசு போன இன்னொரு நாட்டில் அதே சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வாசகர்கள் லாச்சி (மேசை இழுப்பறை), கந்தோர் (அலுவலகம்) இரண்டையும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் டச்சுதான். கக்கூஸும் அப்படித்தான்.

ஜூன் 12

'அப்பீட்டு ஆயிட்டான்' எங்கிருந்து என்று கேட்டவர் பம்பரம் விட்டதில்லை போலும். எங்கள் தெருவில் மண்ணில் வட்டம் போட்டு, எல்லாரும் சாட்டையைச் சுற்றி ஒரே நேரத்தில் பம்பரத்தை இறக்குவோம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாட்டையைக் கீழே கொடுத்துச் சுண்டி, பம்பரத்தை மேலே எழுப்பிக் கையில் பிடிக்க வேண்டும். அதுதான் அப்பீட்டு. கடைசியாக எடுத்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் எல்லாம் தங்கள் ஆணியால் அதன் தலையில் குத்துவார்கள். அந்தக் குத்துக்குப் பெயர் ஆக்கர். என் மரப் பம்பரம் ஒன்று ஆக்கர் வாங்கி நடுவே பிளந்தது இன்னும் நினைவிருக்கிறது, பச்சை நிறம், வாங்கி ஒரு வாரம்கூட ஆகாதது. முதலில் அப்பீட்டு எடுத்தவன் தப்பித்தான். ஆபத்து வருமுன் இடத்தைக் காலி செய்கிறவனை அப்பீட்டு என்று சொல்வது அதனால்தான்.

ஜூன் 13

'கேப்மாரி, மொள்ளமாரி, முடிச்சவிக்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பட்டியல் போடுங்கள், ஜாலியாக இருக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முடிச்சவிக்கி பற்றி எழுதலாம். வேட்டி, புடவை முனையில் காசு முடிந்து வைத்திருந்த காலத்தில் முடிச்சை அவிழ்த்துத் திருடியவன்.

கேப்மாரி வேறு. பழைய காவல்துறைக் குறிப்புகளில் அது ஒரு சமூகத்தின் பெயர். வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். அதன் கீழ் பதிவான சமூகங்களில் பிறந்தாலே திருடன், கைரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டத்தை நீக்கினார்கள், நாடு முழுக்க 1952இல் போனது. சட்டம் போய்விட்டது, அது விதைத்த பெயர் வசையாக நம் வாயில் உட்கார்ந்திருக்கிறது. நானும் சின்ன வயதில் சொல்லி வளர்ந்தவன். தெரிந்துகொண்டபின் சொல்வதில்லை. வேறு சொல் வேண்டுமென்றால் பன்னாடை இருக்கிறது, மரம் வருத்தப்படாது.

ஜூன் 15

சில்லறைக் கேள்விகளுக்குச் சேர்த்து.

டுபாக்கூர் என்பது துபாஷி என்ற சொல்லிலிருந்து என்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகள் சென்னையில் செல்வாக்கோடு இருந்தவர்கள், பச்சையப்ப முதலியார் துபாஷிதான். இருந்தாலும் துபாஷியை எந்தப் பக்கம் திருகினாலும் 'கூர்' வராது. விட்டுவிடுங்கள்.

ஓசியை 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்ற முத்திரையோடு இணைக்கும் கதையை நான் முழுக்கத் தள்ளவில்லை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்கள் கட்டணம் இல்லாமல் போனதைத் தபால் தூக்கிய ஓட்டக்காரன் பார்த்திருப்பான், சந்தித்த இடம் இருக்கிறது. ஆனால் 1858க்கு முந்தைய சங்கதியை ஒரு முத்திரையின் மூன்று எழுத்தை வைத்து மட்டும் ஒத்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

கலாய்ப்பதை பாத்திரத்துக்கு ஈயம் பூசும் கலாயோடு இணைத்து ஒருவர் அழகாக எழுதியிருக்கிறார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் தேய்த்துப் பளபளக்க வைப்பதுபோல ஆளைச் சூடேற்றித் தேய்ப்பது என்று. அழகாக இருக்கிறது என்பதே எனக்குச் சந்தேகம் தருகிறது.

ஜூன் 18

மூன்று நாளாக ஒன்று மண்டையைக் குடைகிறது. சொல்லிவிடுகிறேன், நீங்கள் அடித்து நொறுக்குங்கள்.

மேம்பால வேலை நடக்கும் இடத்தில் கிரேன் சங்கிலியில் இரும்புத் தளவாடம் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மஞ்சள் தலைக்கவசம் போட்ட தம்பி ஒருவர் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து ஆட்டியபடி 'ஆரியா... ஆரியா... ஆரியா... பஸ்!' என்று கத்தினார். தளவாடம் அங்குலம் அங்குலமாக இறங்கி, 'பஸ்' என்றதும் நின்றது. என் தாய்மாமா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர், அவர் வாயில் இதே ஆரியாவைக் கேட்டிருக்கிறேன். போர்த்துகீசிய மொழியில் அரியார் என்றால் கயிற்றைத் தளர்த்தி இறக்கு. பாய்மரக் கப்பலில் வேலை செய்த லஸ்கர்கள் என்ற ஆசிய மாலுமிகளின் கலப்புப் பேச்சில் புகுந்து, அங்கிருந்து துறைமுகத்துக்கும் கிரேனுக்கும் வந்தது. பஸ் பாரசீகம், போதும். அந்தத் தம்பி வடக்கிலிருந்து வந்தவர், கிரேன் ஓட்டுநர் விழுப்புரம் பக்கம். இரண்டு பேருக்கும் பொது மொழி இந்த இரண்டு சொல்தான்.

சரி, இறக்குவதற்கு ஆரியா. ஏற்றுவதற்கு? ஆபீஸ், ஹபேஸ் என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. பாரத்தைத் தூக்கு என்று பொருள்.

இப்போது நாம் சொல்லும் 'அபேஸ்' ஞாபகத்துக்கு வருகிறதா? 'பர்ஸை அபேஸ் பண்ணிட்டான்.' திருட்டுக்கு 'தூக்கிட்டான்' என்றும் சொல்கிறோமே. ஓசை அப்படியே இருக்கிறது. பொருள் ஒரே அடியில் தாண்டுகிறது. சந்தித்த இடம் துறைமுகம், மூட்டைகள் நடுவே, அதைவிடத் தோதான இடம் இந்தச் சொல்லுக்குக் கிடையாது. கலாய்க்குச் சொன்ன எச்சரிக்கையை எனக்கும் சொல்லிக்கொள்கிறேன், இதுவும் அழகாகத்தான் இருக்கிறது. அதனால் சாட்சி வேண்டும்.

மாமாவோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் தண்டையார்பேட்டையில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன். தூத்துக்குடி, கொழும்புத் துறைமுகங்களில் வேலை செய்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பாரம் ஏற்றும்போது என்ன கத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய பத்திரிகையில் எங்காவது அபேஸ் என்று கண்ணில் பட்டால் பக்கத்தைப் படம் எடுத்து, ஆண்டோடு அனுப்புங்கள்.